எலிசபெத் மாண்ட்கமரி: எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் சூனியக்காரியாக மட்டும் இந்த நடிகையை அறிந்தவர்களுக்கு இரண்டு தொலைக்காட்சிப் படங்கள். இரண்டு வேடங்களுக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்குப் பரிந்துரை கிடைத்தது. இன்று பேசுபவர்கள்தான் குறைவு.

கதை
'எ கேஸ் ஆஃப் ரேப்' (1974): வல்லுறவுக்கு ஆளான இல்லத்தரசி நீதிமன்றம் போகிறார்.
'தி லெஜண்ட் ஆஃப் லிஸி போர்டன்' (1975): 1892இல் அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரில் தந்தையும் மாற்றாந்தாயும் பலியான கோடரிக் கொலைகள், குற்றம் சாட்டப்பட்ட மகள் லிஸி விடுதலையாகிறார்.

நடிப்பு
முன்னதில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேள்விமேல் கேள்வி கேட்கும்போது, பாதிக்கப்பட்டவரே குற்றவாளிபோல் கூண்டில் நிற்கிறார். தீர்ப்பும் அவருக்கு எதிராகத்தான். மனசு ஆறவே ஆறாது.
பின்னதில் அந்த வெறித்த பார்வை போதும்.

விறுவிறுப்பான மர்மம் வேண்டுமா, லிஸி. நடிகையாக அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமா, 1974 படம்தான். அப்புறம், அதைத் தனியாகப் பார்க்காதீர்கள்.