சதுர அடி விலைக்கு வீடு: திருகோணமலையில் இந்தக் கொந்தராத்து தேறுமா?

"சதுர அடி இத்தனை ரூபா, சாவியைக் கையில் தருவோம்." திருகோணமலையில் காணி வாங்கி வைத்திருப்பவர் முதலில் கேட்கும் விலை இதுதான். வெளிநாட்டில் இருந்து கட்டுவிப்பவருக்கு வசதிதான்; மணலுக்கும் கம்பிக்கும் அலைய வேண்டாம், மேசனோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். இந்த முறைக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுக்கலாம். மற்ற இரண்டைக் குறைப்பது வேலைக்காக அல்ல, விலைத்தாளுக்காக.

முதலில் எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். சுவரின் வெளிப்புறம் பிடித்து அளப்பதுதான் வழக்கம். போர்ட்டிக்கோவும் விறாந்தையும் முழு விலையா அரை விலையா, மாடிப்படி இரண்டு தளத்திலும் சேருமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். 18 வீத வற் வரி உள்ளேயா வெளியேயா என்பதையும் கூடவே.

பட்ஜெட்டை உடைப்பது விலைக்கு வெளியே நிற்கும் சாமான்கள்: கிணறு, மலசலகூடக் குழி, மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு, கேற், மதில். மதிலை மட்டும் கணக்குப் பார்ப்போம். 10 பேர்ச் காணி 2,722 சதுர அடி. 40க்கு 68 என்று வைத்தால் சுற்றளவு 216 அடி. கேற்றுக்கு 12 அடி கழித்து, 6 அடி உயரம் எழுப்பினால் 1,224 சதுர அடிச் சுவர். மூட்டோடு 16க்கு 8 இஞ்சி புளொக் கல் ஏறக்குறைய 1,380 வேண்டும், உடைசலோடு 1,450. இருபக்கமும் பூசினால், 100 சதுர அடிக்கு ஒரு மூடை வீதம் பூச்சுக்கு மட்டும் 25 மூடை சீமெந்து. அத்திவாரமும் தூண்களும் தனி. இதைக் கடைசி மாதத்தில் நினைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது நிலம். விலைத்தாள் "சாதாரண மண்" என்றே எண்ணிப் போடப்படுகிறது. உவர்மலைப் பக்கம் பாறை தட்டினால் உடைப்புக் கூலி ஏறும். தாழ்ந்த காணியில் 1,000 சதுர அடி வீட்டின் தளத்தை 2 அடி உயர்த்த, இறுகிய நிலையில் 20 கியூப் கிறவல் (ஒரு கியூப் 100 கன அடி). இடித்தால் அமுங்குவதால் 25 கியூப் வரை இறக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதுமுன் நாலு மூலையிலும் குழி வெட்டிப் பாருங்கள். ஒரு நாள் கூலிதான் செலவு.

சாமான்களை நீங்களே வாங்கி, கூலியை மட்டும் கொந்தராத்துக் கொடுத்தால் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் ஒருவர் வளவிலேயே நிற்க வேண்டும். மணல் வந்தால் ட்ரக்டர் பெட்டிக்குள் அளவு நாடாவைப் பிடியுங்கள். உள்ளளவு ஒன்பதரைக்கு ஐந்தரை அடி, மணல் ஒன்றரை அடி உயரம் என்றால் 78 கன அடி. அது ஒரு கியூப் அல்ல, முக்கால் கியூப்தான். ஈரமணல் ஊதியும் காட்டும். 12 மி.மீ. கம்பி 6 மீற்றர் துண்டு 5.3 கிலோ இருக்க வேண்டும். தராசில் வைத்தால் மெல்லிசுக் கம்பி தானாகத் தெரியும். 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கொங்கிறீற் ஒரு கியூப்புக்கு 18 மூடை சீமெந்து. 5 இஞ்சி கனத்தில் 1,000 சதுர அடி சிலாப் 4.17 கியூப், ஆகவே 75 மூடை. 60இல் முடித்துத் தருகிறேன் என்பவர் எதையோ குறைக்கிறார்.

உப்புவெளி, நிலாவெளி என்று கடலோடு கட்டுபவர்களுக்கு இன்னும் இரண்டு செலவு. உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிறீற் குழைத்தால் கம்பி துருவேறிச் சிலாப்பை உடைக்கும்; பவுசர் தண்ணீருக்குக் காசு ஒதுக்குங்கள். கம்பியின் மேல் கொங்கிறீற் மூடல் முக்கால் இஞ்சி போதாது, ஒன்றரை இஞ்சி வேண்டும். உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் காணி என்றால் பிரதேச சபையின் அனுமதியோடு கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. அது கையில் வருமுன் முற்பணம் கொடுப்பது புத்தியல்ல.

பணம் கட்டும் ஒழுங்கில்தான் இந்தச் சேவை மிக மோசம். பாதியை முதலிலேயே கேட்பவர்கள் உண்டு. வங்கியோ வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்த பிறகே கடனை விடும். அத்திவாரம் வரை உங்கள் கைக்காசு. ஆகவே சதுர அடித் தாளை ஒதுக்கிவிட்டு பி.ஓ.கியூ. என்ற அளவு-விலைப் பட்டியலைக் கேளுங்கள்: அத்திவாரம், லின்டல், கூரை, பூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும். "டைல்ஸ் நல்ல தரம்" என்ற வரியை வெட்டி, சதுர அடிக்கு எத்தனை ரூபா டைல்ஸ் என்று எழுதுவியுங்கள்.

நாட்காட்டியும் காசுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூச்சு வேகமாகக் காய்ந்து மயிர்வெடிப்பு விழும். சிலாப்புக்கும் பூச்சுக்கும் ஏழு நாளாவது தண்ணீர் விட ஆள் வேண்டும். கூரை ஐப்பசிக்கு முன் ஏற வேண்டும். கடைசி 5 வீதத்தைச் சாவி வாங்கும்போது கொடுக்காமல், மார்கழி மழை ஒன்று கூரையில் முழுதாக விழும்வரை பிடித்து வைக்க ஒப்பந்தத்தில் இடம் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மறுக்கிறவர் கூரையை எப்படிப் போடப் போகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.