ட்வார்ஃப் எப்படிப் பேச வேண்டும்? எழுத்தைத் திரிப்பதா, சொல்லைத் தேர்வதா, சொல்லிவிட்டுப் போவதா

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ரோல்பிளே செய்கிறவர்களுக்கு, அதாவது தங்கள் பாத்திரமாகவே பேசி நடிக்கிறவர்களுக்கு, இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். 2004 நவம்பரில் விளையாட்டு வந்ததிலிருந்தே அதில் வரும் இனங்களில் ட்வார்ஃப்கள் (குள்ளர்கள்) ஸ்காட்லாந்துக்காரர் மாதிரியும் ட்ரோல்கள் ஜமைக்காக்காரர் மாதிரியும் பேசுகிறார்கள், 2007-ல் வந்து சேர்ந்த ட்ரெனாய்களுக்குக் கிழக்கு ஐரோப்பிய வாடை. குரல் கலைஞர்கள் வாயால் செய்ததை நாம் சாட் பெட்டியில், ஒரு முறைக்கு 255 எழுத்துக்குள் செய்தாக வேண்டும். எல்லா வழியையும் நான் வருஷக்கணக்கில் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, காதில் விழுவதை அப்படியே எழுத்தில் கொண்டுவருவது. 'தெரியாது' என்பதற்கு 'டின்னே கென்', பெண்ணைக் கூப்பிட 'லாஸ்', 'யூ' வர வேண்டிய இடமெல்லாம் 'யே'. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான். பார்த்தவுடனே ட்வார்ஃப் என்று தெரியும், எழுதுகிறவருக்கும் உற்சாகமாக இருக்கும். சிக்கல் படிக்கிறவர் பக்கம். ஆர்ஜென்ட் டான் சர்வரில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி, மூன்றாவது மொழி. ஒரு நாள் ராத்திரி என் ட்வார்ஃப் முன்னால் நின்று, பாலம் இடிந்திருக்கிறது, சுற்றிப் போங்கள் என்று எச்சரித்தான். ஒரு சொல் விடாமல் திரித்து எழுதியிருந்தேன். யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் இரட்டை அடைப்புக்குறி போட்டு, அதாவது பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, "மன்னிக்கணும், என்ன சொன்னீங்க, புரியல" என்று கேட்டார். அந்தக் காட்சி அதோடு விழுந்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. 'டின்னே' என்றால் ஆங்கிலத்தின் 'டோன்ட்'. 'டிடின்ட்' என்று சொல்ல 'டிட்னே' வேண்டும். இந்த 'னே' துணைவினையோடுதான் ஒட்டும், கண்ட இடத்தில் ஒட்டாது. ரோல்பிளேயில் பாதிப் பேர் 'டின்னே'யை இரண்டுக்கும் போடுகிறார்கள். நமக்கு யாராவது 'நேற்று நான் வரமாட்டேன்' என்று எழுதிக் காட்டினால் எப்படி இருக்கும்? ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்தின் எழுத்துப்பிழை இல்லை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் சுமார் 15 லட்சம் பேர் அதைப் பேசுவதாகச் சொன்ன மொழி. அந்த மொழியின் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியது, மொழியே தெரியாத ஒரு அமெரிக்க இளைஞர் என்பது 2020-ல் தெரியவந்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆங்கிலச் சொற்களைத் திரித்தால் ஸ்காட்ஸ் வந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். நாமும் அதே நம்பிக்கையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். ட்ரோல் விஷயமும் அப்படியே. வரிக்கு ஒரு 'மான்' போட்டால் ஜமைக்கா ஆகிவிடாது. ஜமைக்காக்காரர் பேசும் பாட்வாவுக்குத் தனி இலக்கணம் உண்டு, 'நீங்கள்' என்று பலரைச் சொல்ல 'ஊனு' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அந்தத் தீவிலிருந்து ஒருவர் அதே விடுதியில் உட்கார்ந்து படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வழி: எழுத்துக்கூட்டலைத் தொடாமல் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் மாற்றுவது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற வேறொரு விளையாட்டுத் தொடரில் வரும் பூனை இனமான கஜீட்களைப் பாருங்கள். அவர்களில் பலர் 'நான்' என்றே சொல்வதில்லை, தங்களை யாரோ மூன்றாம் மனிதர் போலச் சொல்லிக்கொள்வார்கள். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, ஆனாலும் இரண்டு வரியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும், புரியாமல் போகவும் வழியில்லை. நம் ஊரிலும் இதுதானே நடக்கிறது? ஒரு பாத்திரம் 'ஏனுங்க' என்று ஒரு முறை சொன்னால் போதும், மிச்சத்தை வாசகர் மனதுக்குள் கோயம்புத்தூர்க் குரலிலேயே கேட்டுக்கொள்வார். என் ட்வார்ஃப் இப்போது வரிக்கு ஒரு ஸ்காட்ஸ் சொல்தான் பேசுகிறான். அப்புறம், சத்தியம் செய்தால் கல்மேல் செய்வான், ஒரு ஆளைப் பிடிக்கவில்லை என்றால் 'வார்ப்பு சரியில்லை' என்பான்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது, அந்தப் பழங்கால ஆங்கிலம். எல்ஃப், பாலடின் (புனிதப் போர்வீரன்) பாத்திரம் வைத்திருப்பவர்கள் 'தௌ' என்று ஆரம்பித்துவிடுவார்கள். 'தௌ' என்பது நம்முடைய 'நீ', 'யூ' என்பதுதான் 'நீங்கள்'. ஆக, மண்டியிட்டு நிற்கும் வீரன் அரசனை 'நீ' என்கிறான்! 'எத்' என்ற விகுதி அவன், அவள், அதுவுக்கு மட்டும் உரியது. அதை 'ஐ' பக்கத்தில் போட்டால் 'நான் வந்தான்' கதைதான். மரியாதைப் பன்மையோடு வளர்ந்த நமக்கு இது பத்து நிமிஷத்தில் பிடிபடும், படித்துவிட்டு எழுதலாம்.

மூன்றாவது, எமோட்டில், அதாவது பாத்திரத்தின் செய்கையைச் சொல்லும் வரியில், 'கரடுமுரடான மலைநாட்டுப் பேச்சில் சொல்கிறான்' என்று எழுதிவிட்டு வசனத்தைச் சாதாரணமாக வைப்பது. டோட்டல் ஆர்பி 3 என்ற ஆட்-ஆனில் (விளையாட்டோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்) பாத்திரத்தின் குறிப்பிலேயே ஒரு முறை எழுதி வைத்தாலும் சரி. இருபது பேர் கூடும் நிகழ்ச்சிக்கு இதைவிட நல்லது கிடையாது. நீண்ட உரையாடலில் மட்டும் பத்தாவது வரிக்குள் அந்தக் குரல் மறந்துபோகும்.

விளையாட்டே தரும் வசதியும் உண்டு. சாட்டில் மொழியை ட்வார்விஷுக்கு மாற்றினால் அந்த மொழி தெரிந்த பாத்திரங்களுக்கு மட்டும் புரியும், மற்றவர்களுக்கு அர்த்தமில்லாத சொற்கள் தெரியும். ரகசியம் பேச அருமை, பேச்சு நடைக்கு உதவாது. பாத்திரம் நிறையக் குடித்தால் 'ஸ்' எல்லாம் 'ஷ்' ஆகி, நடுவில் விக்கலும் வந்துவிடும்.

முதல் வழியை நான் முழுசாகக் கைவிடவில்லை. 'டிட்னே', 'கான்னே' (முடியாது) எல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அவன் நிலைகுலையும் நேரத்துக்கு என்று வைத்திருக்கிறேன். போன மாதம் தம்பியின் கல்லறை முன்னால் நின்றபோது அப்படி ஒரே ஒரு வரி பேசினான். பக்கத்தில் நின்ற எல்ஃப் பதில் ஒன்றும் எழுதவில்லை, எமோட்டில் அவன் தோளில் கை வைத்தாள்.