பிக் சர் கடலோரச் சாலை: தனியாகப் போனால் தெற்கு நோக்கியா, வடக்கு நோக்கியா?

கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை 1-இல், வடக்கே கார்மெல் முதல் தெற்கே சான் சிமியோன் வரை போகும் பிக் சர் கடலோரப் பகுதி சுமார் 145 கிலோமீட்டர். தனியாக ஓட்டுபவர்களுக்கு எந்த முனையில் தொடங்குவது என்பதுதான் குழப்பம்.

காட்சி: தெற்கே போனால் கடலை ஒட்டிய தடம் உங்களுடையது. வடக்கே போனால் மலைப்பக்கம். கடலுக்கும் உங்களுக்கும் நடுவே எதிர்வண்டிகள்.

நிறுத்தம்: எனக்கு இதுதான் முக்கியம். தனியாக ஓட்டுபவர் நிறுத்தித்தான் பார்க்க முடியும். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால், தெற்கே போகையில் கடலோரமாக வண்டி ஒதுக்கும் இடங்கள் வலக்கைப் பக்கமே வரும். இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினால் போதும். 1932-இல் திறந்த புகழ்பெற்ற பிக்ஸ்பி பாலமும் சீக்கிரமே வந்துவிடும். வடக்கே போனால், வளைவில் எதிரே வருவது சரியாகத் தெரியாமல் எதிர்த்தடத்தைக் கடக்க வேண்டும். 'வண்டி வருது, நில்லு' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது அது வேண்டாத வேலை.



செலவு: இரண்டும் ஒன்றுதான். நடுவழியில் பெட்ரோல் விலை அதிகம், கிளம்பும்போதே நிரப்பிவிடுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்குத் தெற்கு, அதுவும் காலையிலேயே. பள்ளத்தைப் பார்த்தால் கை நடுங்கும் என்பவர்களுக்கு வடக்கு. அப்புறம், மண்சரிவால் சாலை மூடியிருக்கிறதா என்று முன்பே பாருங்கள். உள்ளே பெரும்பாலும் மொபைல் சிக்னல் கிடைக்காது.