எலும்புக் கப்பலா, பாட்டில் கப்பலா?

பாய்மரக் காலத்து மாலுமிகள் கையால் செய்த மாதிரிக் கப்பல்களில் இந்த இரண்டு வகையும் என்னை விடாமல் இழுக்கும்.

எலும்புக் கப்பல்களைச் செய்தவர்கள் பிரெஞ்சுப் புரட்சிப் போர்களிலும் நெப்போலியன் போர்களிலும் பிரிட்டனிடம் பிடிபட்ட கைதிகள். பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள், அதில் மாலுமிகள் ஏராளம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ பக்கத்தில் 1797ல் திறந்த நார்மன் கிராஸ் கைதிகள் முகாமில், சாப்பாட்டில் வந்த இறைச்சியின் எலும்பை வேகவைத்து, வெளுக்க வைத்து, சின்னச் சின்னப் பட்டைகளாக அறுத்து மர உடலின்மேல் பதித்தார்கள். கயிறுகளுக்குச் சிலர் தலைமுடியைக்கூடப் பயன்படுத்தினார்கள். சில கப்பல்களில் பின்பக்க நூலை இழுத்தால் பீரங்கிகள் எல்லாம் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும்! ஆனால் அளவுகள் சரியாக இருக்காது. வரைபடம் கையில் இல்லை, நினைவிலிருந்து செய்தது, அதுவும் முகாம் சந்தையில் விற்பதற்காக, அதனால் அலங்காரம் கொஞ்சம் தூக்கல்.

பாட்டில் கப்பல் அதிகம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தெளிவான கண்ணாடி பாட்டில்கள் மலிவாகக் கிடைத்தபோது. பாய்மரங்களை மடக்கி, உடலைப் பாட்டில் கழுத்து வழியாக உள்ளே செலுத்தி, கண்ணாடி பதிக்கும் பசையால் (putty) செய்து நீலம் பூசிய கடலில் உட்கார வைத்து, அப்புறம் நூல்களை இழுத்து நிமிர்த்துவார்கள். நுணுக்கம் குறைவு, சரி. ஆனால் செய்தவன் தினமும் ஏறி இறங்கிய பாய்மரம் அது, எந்தக் கயிறு எங்கே போகும் என்பது அவன் கைக்கே தெரியும்.

வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தின் எலும்பு வேலைகள்தான். வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றைக் கொடுத்தால், யோசிக்காமல் பாட்டிலை எடுப்பேன்.