12 இன்ச் ஸ்கிராப்புக் பேப்பர் பெட்டி: சேலத்துக்கு சுமார், ஏற்காட்டுக்கு கட்டாயம்

மூடி போட்டு ரெண்டு பக்கம் கிளிப் வச்சு, உள்ள இருக்கறது வெளிய தெரியற மாதிரி ஒரு தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, ஸ்கிராப்புக் பேப்பருக்குன்னே, அதாவது ஃபோட்டோ ஒட்டி அலங்காரமா ஆல்பம் செய்யற டிசைன் பேப்பருக்குன்னே, ஆன்லைன்ல செட்டா விக்கறாங்கல்ல, அதப் பத்தின ரிவ்யூ இது. நான் வீட்டுலயே ஆல்பம் செஞ்சு குடுக்கறேன், முதல் பர்த்டே, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம்னு ஆர்டர் வந்துட்டே இருக்கும், அதனால பேப்பர் எப்பவும் குமிஞ்சு கிடக்கும். அக்காவும் இதே கிறுக்குதான், ஆனா அவ இருக்கறது ஏற்காட்டுல, நான் கீழ சேலம் அஸ்தம்பட்டியில. ஒரே செட்ட வாங்கி ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டோம். ஒரு மழக்காலம், ஒரு வெயில்காலம் ரெண்டும் பாத்தாச்சு, அதனால தைரியமா எழுதறேன்.

முதல்ல இதுக்குன்னு ஏன் தனியா ஒரு பெட்டி, பழைய ஃபைல்ல வச்சா ஆகாதான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, நீங்களும் கேப்பீங்க. விஷயம் அளவுலதான் இருக்கு. ஸ்கிராப்புக் பேப்பர் 12-க்கு 12 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 305 மில்லிமீட்டர். நம்ம ஸ்டேஷனரி கடையில இருக்கற ட்ரே, ஃபோல்டர், பாக்ஸ் ஃபைல் எல்லாம் ஏ4 இல்லன்னா ஃபுல்ஸ்கேப். சரி பெருசாவே வாங்கிடுவோம்னு ஏ3 கேட்டா, ஏ3 பேப்பரோட அகலமே 297 மில்லிதான். எட்டு மில்லி இடிக்குது! ஏ3-க்கு கரெக்டா அளவெடுத்து செஞ்ச ஃபோல்டர்ல சொருகுனா போற மாதிரி போயி ஓரம் மட்டும் சுருண்டு நிக்கும், அந்த ஓரம்தான் ஆல்பம் பக்கத்துல முன்னாடி தெரியற ஓரமா வந்து தொலைக்கும். டவுன் கடைவீதியில ஒரு கடைக்காரர் ரொம்ப அக்கறையா, "ஒரு பக்கம் லேசா கத்தரிச்சு விட்டுருங்கம்மா, யாருங்க அளந்து பாக்கப் போறா"ன்னாரு. அவர் மேல தப்பில்ல, ஒரு ஷீட் என்ன வெலைன்னு அவருக்குத் தெரியாது.

இப்ப பெட்டிக்கு வரேன். உள்ளளவு 12 இன்ச்சுக்கு கொஞ்சூண்டு கூட இருக்கு, அவ்வளவுதான். சாதா ஷீட் அழகா உக்காரும். ஆனா சில வெளிநாட்டு பேப்பர்ல அடியில கம்பெனி பேரு, பார்கோடு போட்டு ஒரு பட்டை விட்டிருப்பாங்க பாருங்க, அந்தப் பட்டையோட சேத்து நீளம் பன்னெண்டே காலுக்கு வந்துரும், அது உள்ள படுக்காது, நடுவுல மேடு கட்டி நிக்கும். பட்டைய கிழிச்சுட்டு வச்சா உள்ள போயிரும், ஆனா அந்தப் பட்டையிலதான் டிசைன் பேரு, நம்பர் எல்லாம் இருக்கு, அதே டிசைன் மறுபடி வேணும்னா என்ன கேக்கறது? நான் பட்டைய வெட்டி அந்த ஷீட்டுக்குப் பின்னாடியே பென்சில்ல நம்பர் எழுதி வச்சுக்கறேன். பேனாவுல எழுதாதீங்க, மெல்லிசு பேப்பர்னா மறுபக்கம் ஊறிக்கிட்டு தெரியும்.

அடுத்தது பெட்டியோட அடிப்பக்கம். இது எந்த ரிவ்யூவுலயும் யாரும் சொல்லல. அடித்தட்டு சமமா இல்ல, பலத்துக்காக வரிவரியா மேடு விட்டு வார்த்திருக்காங்க. ஷீட்ட நெறைய அடுக்குனா கீழ இருக்கற நாலஞ்சு ஷீட்ல அந்த வரி அப்படியே பதிஞ்சுருது, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா கோடு கோடா தெரியும். கருப்பு கார்ட்ஸ்டாக்ல, அதான் அட்டை மாதிரி கெட்டியான பேப்பர்ல, ரொம்ப மோசம். அடியில ஒரு கெட்டி அட்டைய 12 இன்ச்சுக்கு வெட்டிப் போட்டா தீந்துச்சு, ஆனா பழைய நோட்டு அட்டை, கலர் சார்ட்டு பார்சல்ல வர்ற அட்டைன்னு எதையாச்சும் போட்டுறாதீங்க, அந்த மாதிரி மட்டமான அட்டையில லிக்னின்னு மரத்துல இருந்து வர்ற ஒரு பொருள் இருக்கும், நாளாக நாளாக அது பழுப்பாகி அமிலம் விட்டு மேல இருக்கற பேப்பரையும் பழுப்பாக்கும், பழைய நியூஸ்பேப்பர் மஞ்சளாகுதுல்ல, அதே கதை. ஆசிட் ஃப்ரீன்னு போட்ட கார்ட்ஸ்டாக்லயே ரெண்ட வெச்சு கீழ போட்டுருங்க.

விளம்பரத்துல ஒரு பெட்டிக்கு 500 ஷீட்டுன்னு போட்டிருக்கான். பொய்யின்னு சொல்ல முடியாது, மூணு இன்ச் ஒசரம் இருக்கு, 120 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு) மெல்லிசு டிசைன் பேப்பர்னா கணக்கு கிட்டத்தட்ட சரியா வரும். ஆனா நம்ம வாங்கறது பாதிக்கு மேல 200, 250 ஜி.எஸ்.எம் கார்ட்ஸ்டாக், அது 300 போனாலே பெருசு. அதோட வெயிட்டப் பாருங்க. 200 ஜி.எஸ்.எம்ல 12 இன்ச் ஷீட் ஒண்ணு பத்தொம்பது கிராம் பக்கம் வரும், 300 வச்சா அஞ்சரை கிலோவத் தாண்டுது, அதுல நாலு பெட்டி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனா கீழ்ப்பெட்டியோட மூடி நடுவுல தொங்கிப் போயி கிளிப் தானா வாயத் தொறக்குது. ரெண்டுக்கு மேல அடுக்கக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்கலாம், போடல. புக்கு மாதிரி நிக்க வைக்கலாம்னு கைப்பிடி வேற குடுத்திருக்காங்க, நிக்க வச்சா பெட்டி ரொம்பலன்னா உள்ள பேப்பர் எல்லாம் சரிஞ்சு கீழ வளைஞ்சுக்குது. நிக்க வைக்கறதுன்னா டைட்டா இருக்கணும், டைட்டா வச்சா எடுக்கும்போது ஓரம் நசுங்கும். படுக்க வைக்கறதுதான் இதுக்கு சரி.

இதெல்லாம் சின்னக் குறைதான். சேலத்துல எனக்கு இது ஒத்து வராததுக்கு காரணம் வேற. வேலை செய்யறப்ப ஒரு பிங்க் ஷீட்டுக்கு பொருத்தமா பின்னணி தேடணும், அதுக்கு மேல் பெட்டிய இறக்கி, கிளிப் தொறந்து, மூடிய எங்கயாச்சும் வச்சு, அறுபது ஷீட்ட வெளிய எடுத்து, ஒண்ணும் சரிப்படலன்னு திரும்ப அடுக்கி மூடி, அடுத்த பெட்டிய இறக்கணும். ரெண்டு பெட்டியோட அலுத்துரும், டேபிள் மேல இருக்கறதுலயே எதையாச்சும் எடுத்து ஒட்டிருவோம். உள்ள இருக்கற நல்ல பேப்பர் அப்படியே கிடக்கும். பெட்டி கண்ணாடி மாதிரி தெரியும்னு சொல்றாங்க, தெரியறது மேல ஒண்ணு அடியில ஒண்ணு, அவ்வளவுதான்.

அதனால அன்றாடம் எடுக்கற பேப்பருக்கு ஆசாரி கிட்ட சொல்லி ஒரு பிளைவுட் ரேக் செஞ்சுட்டேன், மெல்லிசு மெல்லிசா தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு கலர், அம்பது ஷீட்டுக்கு மேல வைக்கறதில்ல. அளவு எழுதிக் குடுத்தப்ப பன்னெண்டே கால்னு போட்டிருந்தேன். அவர் டேப்ப நீட்டி, தன் கைய அதுக்குள்ள விட்டுப் பாத்துட்டு, "காயிதம் போயிரும்மா, வெரலு எப்படிப் போவும்? பதிமூணு வைங்க"ன்னாரு. இத்தன டிசைனர் இருந்து செஞ்ச பெட்டியில இந்த யோசனை இல்ல பாருங்க, ஷீட்ட எடுக்க சைடுல நகத்த விட்டு நெம்ப வேண்டியிருக்கு. ஐக்கியாங்கற ஃபர்னிச்சர் கம்பெனியோட கல்லாக்ஸ்ங்கற கட்டம் கட்டமான ரேக்க உலகம் பூரா ஸ்கிராப்புக் ஆளுங்க வாங்கறதுக்கும் இதுதான் காரணம், அதுல ஒரு கட்டம் 33 சென்டிமீட்டர், 12 இன்ச் பேப்பர் போயி கையும் போகும். ஆனா அதுக்கு பெங்களூர் போகணும், கார்ல ஏத்தணும், நமக்கு ஆசாரியே போதும். பிளைவுட் வாசனை போற வரைக்கும் ரெண்டு வாரம் திண்ணையில வெயில் காட்டி, உள்ள ஷெல்லாக், அதான் அரக்கு மெருகு, அடிச்சு, அப்பறம்தான் பேப்பர் வச்சது. ஜன்னலுக்கு நேரா வைக்கல, நம்ம ஊரு சித்திரை வெயில் பட்டா சிவப்பும் ஊதாவும் முதல்ல வெளுக்கும். தூசிக்கு முன்னாடி பழைய காட்டன் சேலையில ஒரு திரை.

பெட்டியில இப்ப நான் வைக்கறது ஸ்டாக் மட்டும். தீபாவளிக்கு முன்னாடி மொத்தமா வாங்கறது, கண்காட்சியில கிடைச்சது, இன்னும் பிரிக்காத பேப்பர் பேட். அதுக்கு நல்லா இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு, ஸ்டிக்கர் ஷீட், டபுள் டேப், பசை ஒட்டுன அலங்காரம் எதையும் இதே பெட்டியில பேப்பரோட போடாதீங்க, ஏப்ரல் மே சூட்டுல பசை இளகி வெளிய வந்து மேல ஷீட்ட கடிச்சுக்கும், பிரிச்சா தோல் உரியும்.

ஏற்காட்டுல கதையே தலைகீழ். அங்க ரேக்குன்னு பேச்சே எடுக்க முடியாது. கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஒசரம், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிட்டா வேற ஊருதானே, ஆடியில இருந்து கார்த்திகை வரைக்கும் ஜன்னல் தொறந்தா மஞ்சு நேரா ரூமுக்குள்ள வந்து உக்காந்துக்கும், துணி காயாது, உப்பு ஜாடியில உப்பு கரையும், பேப்பர் மட்டும் சும்மா இருக்குமா? அக்கா முன்ன திறந்த அலமாரியில வச்சிருந்த டிசைன் பேப்பர் எல்லாம் மழை ஆரம்பிச்ச உடனே உருளையா சுருள ஆரம்பிச்சிரும். ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் போட்ட பேப்பர்தான் அதிகமா சுருளும், ஏன்னா மை பூசுன பக்கம் ஈரத்த லேசுல இழுக்காது, வெறும் பக்கம் இழுத்து உப்பும், அப்ப ஒரு பக்கமா வளையாம என்ன பண்ணும். அப்படி ஈரம் குடிச்ச ஷீட்ல ஃபோட்டோ ஒட்டி சேலத்துக்கு கஸ்டமருக்கு அனுப்புனா, இங்க வந்து காஞ்சு பேப்பர் சுருங்கி ஃபோட்டோ பக்கத்துல அலை அலையா நிக்கும். அக்காவுக்கு இதுல நல்ல ஒரு ஆர்டரே போச்சு.

இந்தப் பெட்டிக்கு மாறுன பிறகு அந்தத் தொல்லை பெருமளவு நின்னுருச்சு. முழுசா காத்து புகாத பெட்டியில்ல, மூடியில ரப்பர் கிடையாது, ஆனா ஈரம் உள்ள போறது ரொம்ப மெதுவா ஆயிருது, அதுக்குள்ள ஈரத்த உறிஞ்சற சிலிக்கா ஜெல் சமாளிச்சுக்குது. சிலிக்கா ஜெல்லு செருப்பு டப்பாவுல வர்ற குட்டிப் பொட்டலம் பத்தாது. கலர் மாறற வகையா கேட்டு வாங்குங்க, ஆரஞ்சா இருந்து பச்சையாகறது நல்லது, நீலத்துல இருந்து பிங்க் ஆகறதும் உண்டு, அதுல கோபால்ட் உப்பு இருக்கறதால குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு வேணாம். கலர் மாறிட்டா ஓவன்ல லேசான சூட்டுல வச்சு எடுத்தா மறுபடி பழைய கலருக்கு வந்துரும், தூக்கிப் போட வேண்டியதில்ல. மெல்லிசு துணிப்பையில கட்டி ஓரத்துல வைக்கணும், பேப்பர் மேல நேரா கொட்டக் கூடாது. இன்னொண்ணு, பெட்டிய எப்ப மூடறோம்கறது முக்கியம். மஞ்சு எறங்குன சாயங்காலம் அடுக்கி மூடுனா அந்த ஈரத்தையும் சேத்துத்தான் மூடறோம். வெயில் அடிச்ச மத்தியானமா பாத்து செய்யணும். அக்கா தை, மாசியில எல்லாத்தையும் தொறந்து ஒரு நாள் ஆற விட்டு மூடறா.

பூச்சிக்கும் இதுதான் காப்பு. ராமபாணப் பூச்சி பேப்பர்ல இருக்கற கஞ்சிப் பசைக்காகவே வரும், மலையில அது ரொம்ப. மூடுன பெட்டியில ஒண்ணும் வரல. பாச்சா உருண்டை மட்டும் போட்டுறாதீங்க, வாசனை பேப்பர்ல ஏறி இறங்கவே இறங்காது, வளைகாப்பு ஆல்பத்த தொறந்தா பீரோ வாசன அடிக்கும். அம்மா சொன்னாங்கன்னு அக்கா ரெண்டு துண்டு வசம்பு துணியில முடிஞ்சு போட்டு வச்சிருக்கா, இருந்துட்டுப் போகுது.

பிளாஸ்டிக் எதுன்னு பாத்து வாங்கணும். பெட்டிக்கு அடியில முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கும், 5 இருந்தா பாலிப்ரொப்பிலீன், கவலையே இல்ல. 3 இருந்தா பி.வி.சி, அது நாள்பட பேப்பருக்கும் ஃபோட்டோவுக்கும் ஆகாத ஆவிய விடும், புது ரெயின்கோட் வாசனை வந்தாலே திருப்பிருங்க. எங்களுக்கு வந்தது 5 தான்.

இவ்வளவு காசு எதுக்குன்னு நினைக்கறவங்களுக்கு, பேக்கரிக்கு டப்பா விக்கற கடையில 12 இன்ச் கேக் டப்பா தட்டையா மடிச்சது கிடைக்கும், ரொம்ப சல்லிசு. ஆனா உள்பக்கம் சாம்பல் கலரா இருந்தா அது பழைய காகிதத்துல செஞ்ச டூப்ளெக்ஸ் அட்டை, மேல சொன்ன பழுப்புப் பிரச்சினை வரும், மலைக்கு சுத்தமா ஆகாது. இதவிட நல்ல வழி எல்.பி ரெக்கார்டுக்கு, அதான் பாட்டு கேக்கற பெரிய இசைத்தட்டுக்கு, போடற பிளாஸ்டிக் உறை. ரெக்கார்டும் 12 இன்ச்தான், அட்டை உறையோட சேத்து பன்னெண்டரைக்குள்ள வரும், அதுக்கு மேல மாட்டற உறைய பாலிப்ரொப்பிலீன்ல நூறு நூறா விக்கறாங்க. ஒரு உறையில ஒரு தீம்னு பதினஞ்சு இருபது ஷீட் போட்டு வச்சா புரட்டிப் பாக்கவும் சுலபம். இந்த உறைய பெட்டிக்குள்ள வைக்கப் பாக்காதீங்க, உறைதான் பெட்டிய விடப் பெருசு.

டெலிவரியில ஒரு பெட்டிக்கு கிளிப் ஒடஞ்சு வந்துச்சு. ஃபோட்டோ எடுத்து அனுப்புனா மொத்த செட்டையும் திருப்பி அனுப்புங்கன்னாங்க, ஒத்தக் கிளிப்புக்காக அத்தனையும் மறுபடி பேக் பண்ண யாரால ஆகும், தையக்கடை எலாஸ்டிக்க சுத்திப் போட்டாச்சு, கிளிப்ப விட அதுதான் கெட்டியா பிடிக்குது. வாங்கறவங்க பார்சல் பிரிக்கும்போதே எல்லா கிளிப்பையும் ஒரு தடவ தொறந்து மூடிப் பாத்துக்கங்க. ஆர்டருக்கு முன்னாடி உள்ளளவு எவ்வளவுன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க, சில விக்கறவங்க வெளி அளவத்தான் 12 இன்ச்னு போடறாங்க, அதுல 12 இன்ச் பேப்பர் எந்தக் காலத்துலயும் போகாது.

சேலத்துக்காரங்களுக்கு அஞ்சுக்கு மூணு, ஸ்டாக் வைக்க மட்டும். ஏற்காடு, வாழவந்தி, நாகலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு நாலரை. அந்த அரை மார்க்கு அடித்தட்டு வரிக்காகக் கழிச்சது. அக்காவுக்கு இன்னும் ரெண்டு சொல்லியிருக்கேன், இந்த தடவ கைப்பிடி இல்லாத மாடல், வெலையும் கொஞ்சம் கம்மி.