பாப் சோதனையா, எச்.பி.வி. சோதனையா?

உப்புவெளி, கிண்ணியாப் பக்கத்து அக்காமார் பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. இரண்டுமே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான முன்சோதனைதான்.

எதைப் பார்க்கிறது?
பாப்: அங்கே சுரண்டி எடுத்த கலங்களின் உருவம் மாறியிருக்கிறதா என்று.
எச்.பி.வி.: மாற்றத்தைத் தொடக்கிவைக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று. அதன் இ6 புரதம், பழுதான கலத்தைப் பிரிந்து பெருகவிடாத பி53 என்ற பிரேக் போன்ற புரதத்தை அழிக்கிறது. வைரஸின் இ7 புரதம், ஆர்பி என்ற இன்னொரு பிரேக்கை முடக்குகிறது. அப்புறம் கலம் தன்பாட்டுக்குப் பெருகும். ஆனாலும் பெரும்பாலானோருக்கு வைரஸ் தானாகவே போய்விடும்; பொசிட்டிவ் என்றவுடன் அழத் தேவையில்லை.

இடைவெளி? முடிவு சாதாரணமென்றால் பொதுவாக பாப்புக்கு 3 வருடம், எச்.பி.வி.க்கு 5.

செலவு? சுகவனிதையர் கிளினிக்கில் பாப் இலவசம்.

35 வயதாகி, காசு யோசனையென்றால் பாப்புக்கே போங்கள். அடிக்கடி வர ஏலாதவர், கிடைத்தால் எச்.பி.வி. எடுக்கலாம். வழமைக்கு மாறாக இரத்தம் போகிறதா? சரி, இரண்டையும் விட்டுவிட்டு நேரே டொக்டரிடம் போங்கள்.