வீட்டில் ஒருவர் மாறும்போது: 50 பவுண்டா, புது ஒப்பந்தமா, வாய்ப்பேச்சா?

இங்கிலாந்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அவர் இடத்துக்கு வர ஆளும் தயார். வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்குச் சொன்னதும் ஒரு மின்னஞ்சல் வருகிறது: பெயர் மாற்றக் கட்டணம் 50 பவுண்டு, புதியவரைப் பற்றி விசாரிக்க 40, டெபாசிட்டை மறுபதிவு செய்ய 30. வாட்ஸ்அப் குழுவில் உடனே சண்டை, இதை யார் கட்டுவது என்று.

கட்டுவதற்கு முன், இதில் எது செல்லும் என்று பாருங்கள். முதல் வரி மட்டும்தான் செல்லும். வாடகைதாரர் கட்டணச் சட்டம் 2019 ஜூன் 1 முதல் புது ஒப்பந்தங்களுக்கும், 2020 ஜூன் 1 முதல் பழையவற்றுக்கும் பொருந்துகிறது. வாடகைதாரர் தாமாகக் கேட்கும் மாற்றத்துக்கு வாட் வரியும் சேர்த்து 50 பவுண்டு வாங்கலாம். உண்மையான, நியாயமான செலவு அதற்கு மேல் போனால் ஏஜென்சி அதை நிரூபிக்க வேண்டும். ரெஃபரன்ஸ் விசாரிப்பதும் டெபாசிட் பதிவில் பெயர் மாற்றுவதும் அந்த 50-க்குள் அடங்கிய வேலைகள். இந்தச் சட்டம் வரும் முன் இதே வேலைக்கு நூற்றுக்கணக்கில் கறந்தார்கள். அந்தப் பழக்கம் சில அலுவலகங்களில் இன்னும் முழுசாகப் போகவில்லை.

கட்டணம் இவ்வளவுதான். ஆனால் பணம் நிஜமாகவே கைமாறுவது, மாற்றத்தை எந்த வழியில் செய்கிறீர்கள் என்பதில்தான். வழி மூன்று.

முதலாவது, ஒப்பந்தத்தை அப்படியே கைமாற்றுவது. இதற்கு முறையான பத்திரம் வேண்டும். சாதாரணக் கடிதமோ மின்னஞ்சலோ போதாது. சாட்சிக் கையெழுத்தும் தேவை. போகிறவர் தன் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. பழைய மூவரும் சேர்ந்து புது மூவருக்கு எழுதிக்கொடுப்பதாகப் பத்திரம் அமைய வேண்டும். தங்கப்போகிற இருவர் பெயரும் இரண்டு பக்கமும் வரும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இப்படி மாற்றினால், அன்றைய தேதியோடு போகிறவரின் பொறுப்பு முடிகிறது. ஒப்பந்தம் பழையதேதான், வாடகையும் பழையதேதான்.

இதில் இடறும் இடம் டெபாசிட். மாத வாடகை 1,800 பவுண்டு என்றால், சட்டம் அனுமதிக்கும் ஐந்து வார டெபாசிட் சுமார் 2,077 பவுண்டு. ஒருவர் பங்கு 692. இந்த வழியில் அந்தப் பணம், டெபாசிட்டைப் பாதுகாக்கும் அரசு அங்கீகாரத் திட்டத்தில் பதிவானபடியே கிடக்கும். புதியவர் 692-ஐப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். போகிறவர் இரண்டு வருடமாகக் கார்ப்பெட்டில் சிந்திய குழம்புக்கும் அப்போது புதியவரே வாரிசு. அதனால் அறையைப் படம் எடுத்து, கறை, உடைசல் எதற்கு எவ்வளவு என்று பேசி, 692-இல் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதுதான் முறை. இன்னொன்று: டெபாசிட் திட்டத்தில் எல்லோர் சார்பிலும் பேச ஒருவர் பெயர் முதன்மை வாடகைதாரராகப் பதிவாகியிருக்கும். போகிறவர் அவராகவே இருந்தால் அந்தப் பெயரைக் கட்டாயம் மாற்றுங்கள். இல்லாவிட்டால், வீட்டைக் காலி செய்யும் நாளில் அவர் எந்த ஊரில் எந்த நம்பரில் இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி புது ஒப்பந்தம். ஏஜென்சிகளுக்கு இதுதான் பிடிக்கும், அச்சடித்த படிவம் கையில் இருக்கிறதே. பழையது முடிந்து புதியது தொடங்கும். டெபாசிட்டுக்குக் கணக்கு முடித்து, 30 நாளுக்குள் புதுசாகப் பதிய வேண்டும். வீட்டின் நிலையையும் புதுசாகக் குறித்துக்கொள்ளலாம். புதியவருக்கு இது பாதுகாப்பு, பழைய கறைக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் தங்கியிருக்கும் இருவருக்கு இதில் ஆபத்து உண்டு: புது ஒப்பந்தம் என்றால் புது வாடகை கேட்கலாம். 2026 மே 1 முதல், ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தில் வாடகையை வருடத்துக்கு ஒரு முறைதான் உயர்த்த முடியும். அதையும் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். நீங்களே புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே தாண்டிக் குதித்ததாகிவிடும். மாதம் 100 பவுண்டு கூடினால் வருடத்துக்கு 1,200. இதன் பக்கத்தில் 50 பவுண்டுச் சண்டை எதற்கு? 'புது ஒப்பந்தம்தான் எங்கள் நடைமுறை' என்று ஏஜென்சி சொன்னால், வாடகை மாறாது என்று முதலில் எழுதி வாங்குங்கள். கையெழுத்து அப்புறம்.

மூன்றாவது, யாருக்கும் சொல்லாமல் ஆளை மாற்றிக்கொள்வது. கட்டணம் சுழியம். நம் பிள்ளைகளிடையே இது சகஜம்: 'அண்ணா, நான் கிளம்புறேன், என் ரூமுக்கு நம்ம ஊர்ப் பையன் வர்றான்.' போனவர் பெயர் ஒப்பந்தத்தில் நிற்கும்வரை முழு வாடகைக்கும் அவர் பொறுப்பு. கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்ற வரியின் பொருளே அதுதான். வந்தவருக்கோ வீட்டுக்காரரிடம் கேட்க எந்த உரிமையும் கிடையாது. அனுமதியின்றி உள்வாடகை விட்டதாக ஏஜென்சி பிடித்தால், இருக்கும் இருவரும் மாட்டுவார்கள். அதோடு, புதியவருக்கு இங்கே வாடகைக்கு இருக்க விசா உரிமை உண்டா என்று சரிபார்ப்பது வழக்கமாக ஏஜென்சியின் வேலை. உள்வாடகை விட்டால் அந்தக் கடமை உங்கள் தலையில். ஓரிரு மாதம் விருந்தாளியாகத் தங்க வைப்பது வேறு கதை. நிரந்தரமாக இப்படி விடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவற்றுக்கு வெளியே, வழி என்று தெரியாமலேயே சிலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. மே 2026 முதல் தனியார் வாடகையில் நிலையான கால ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இல்லை. இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம். 'அப்ப நான் மட்டும் நோட்டீஸ் கொடுத்துட்டுப் போறேன்' என்று ஒருவர் அனுப்பிவிடுவார். கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் கொடுக்கும் நோட்டீஸ் எல்லோருடைய வாடகை உரிமையையும் முடித்துவிடும். அன்று உச்ச முறையீட்டு அமைப்பாக இருந்த பிரபுக்கள் சபை, 1991-இலேயே ஹாமர்ஸ்மித் வழக்கில் தீர்த்துவைத்த விஷயம் இது. போகிறவர் ஏஜென்சிக்கு எழுதும்போது 'நோட்டீஸ்' என்ற சொல்லையே தவிர்த்து, 'என் இடத்தில் இன்னாரைச் சேர்க்கக் கேட்கிறோம்' என்று மூவரும் சேர்ந்து எழுதுவது நல்லது.

வருகிறவர் யார் என்பதிலும் காசு இருக்கிறது. மூவரும் முழுநேர மாணவர்கள் என்றால் வீட்டுக்குக் கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வரி, இல்லை. படிப்பு முடித்து கிராஜுவேட் விசாவில் வேலைக்குப் போகும் ஒருவர் உள்ளே வந்தால் வரி வந்துவிடும். கணக்கில் வரும் பெரியவர் அவர் ஒருவர்தான் என்பதால் 25 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். மாணவர்கள் அதற்குப் பொறுப்பில்லை, பில் அவர் பெயருக்கே போகும். இதை அவரிடம் முன்பே சொல்லாமல் அறையைக் காட்டுவது நியாயமில்லை.

ஸ்காட்லாந்தில் வீடு பிடிக்கும்போதும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் வாடகையும் டெபாசிட்டும் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. வேல்ஸில் 2022 டிசம்பர் முதல், கூட்டு ஒப்பந்தத்திலிருந்து ஒருவர் மட்டும் முறைப்படி விலக முடியும், மற்றவர்களுக்கு ஒப்பந்தம் தொடரும். அந்த வசதி இங்கிலாந்தில் இல்லாதது பெரிய குறை.

ஆக, வாடகை சந்தை விலைக்குக் கீழே இருந்தால் பத்திரம் எழுதிக் கைமாற்றுவதற்கே என் ஓட்டு. வாடகை ஏறாது என்று எழுத்தில் கிடைத்து, வீடும் ஏற்கெனவே கறையும் கீறலுமாக இருந்தால் புது ஒப்பந்தம் புதியவருக்கு நல்லது. 50-ஐ யார் கட்டுவது என்று சட்டம் சொல்வதில்லை. போகிறவர் கட்டுவதே முறை என்பேன், மாற்றம் அவரால்தானே வருகிறது.

மின்னஞ்சலில் கேட்ட மற்ற 70 பவுண்டுக்கு, எந்தச் சட்டப்பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு வரியும் சத்தமில்லாமல் காணாமல் போகும். போகாவிட்டால், அல்லது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், உள்ளூர் கவுன்சிலின் வணிகத் தரப் பிரிவிடம் புகார் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெற முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.